யானைக்கால் நோயின் மருமம் கண்ட மான்ஸன்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு பெரியாரின் சரித்திரத்தை இன்று மாலை எடுத்துரைக்க வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். அரசரையும் போர்வீரரையும் குறித்துப் பேசவல்லார் பலர் உளர். ஆகலின், நான் ஒரு வைத்தியரின் சரித்திரத்தைத் தேர்ந்துகொண்டேன். அவர் தம் வாணாளின் சிறந்த பகுதியை மனித உடலில் குடியிருக்கும் புழுக்களை ஆராய்வதிலே செலவிட்டவர். மங்கலமான சபையிலே புழுவின் பேச்சா என்று எவரும் முகஞ் சுளிக்க வேண்டா. நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் வாயிலில் நின்று, பெண் கொடுப்பதையும் பெண் கொள்வதையும் தடுத்துவந்த ஒரு நோயின் வேர் அத்தகைய புழுவொன்றிலே இருந்தது. அந்நோய் யானைக்கால். அவ்வைத்தியர் ஸ்காட்லாந்து தேசத்தவரான ஸர் பாட்ரிக் மான்ஸன்.

யானைக்கால் நமக்குப் புதிய நோய் அன்று. சுசுருத சம்ஹிதை அதனை ‘ஸ்லீபதம்’ என்ற பெயரால் விவரிக்கின்றது. ஐரோப்பியர் நம் தேசத்தின் மேலைக் கடற்கரையில் அதனைக் கண்டு ‘கொச்சிக் கால்’ என்றனர். மேற்கிந்தியத் தீவுகளில் கண்டு ‘பார்படோஸ் கால்’ என்றனர். பெயர்கள் பலவாயினும் காரணம் அறிந்தவர் ஒருவரும் இலர். சிலர் ஊர்த் தண்ணீரின் குற்றம் என்றனர். சிலர் கடற்காற்றின் குற்றம் என்றனர். நம்மவரோ, முன்வினையென்றும் குடும்பவழி வருவதென்றும் கூறி, வீங்கிய காலைச் சுமந்தவன் தலையிலே பழியையும் சேர்த்துச் சுமத்தினர். காரணம் அறியாத இடத்தில் பழி முந்திக்கொள்ளுதல் உலக வழக்கம் அன்றோ?

மான்ஸன் 1844-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்தை அடுத்த ஓல்டுமெல்ட்ரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வங்கியொன்றின் கிளையை நிர்வகித்தவர். பதினைந்து பிராயத்தை ஒட்டி ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை பயிலச் சேர்ந்த மான்ஸன், முதுகெலும்பு நோவும் கைத்தளர்ச்சியும் கண்டமையால் அத்தொழிலை விட நேர்ந்தது. படுக்கையில் இருந்த காலத்தில் இயற்கைப் பொருள்களைப் பற்றிய கல்வியில் மனம் சென்றது. அதன்பின் அபர்டீன் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1865-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே சீன தேசத்துச் சுங்க இலாகாவின் வைத்தியராகப் பார்மோஸாத் தீவுக்குக் கப்பலேறினார். அத்தீவினை இக்காலத்தில் தைவான் என்கிறோம். 1871-இல் எதிர்க்கரையிலுள்ள அமாய் துறைமுகத்துக்கு மாறினார். ஷியாமென் என்று இப்போது வழங்குவது அவ்வூரே.

அமாயில் அவர் கண்ட முதற் காட்சி யானைக்கால் நோயாளிகளின் கூட்டம். உறுப்புகள் பெருத்து, நடக்கவும் உழைக்கவும் இயலாமல் வந்தவர்களுக்கு ரணசிகிச்சை செய்து, பெருத்த தசையை அறுத்தெடுத்து, பலரைப் பிழைப்புக்குத் திரும்பச் செய்தார். கைராசிக்காரர் என்ற பெயரும் வந்தது. மற்றொருவர் ஆயின் அப்புகழோடு அமைந்திருப்பார். மான்ஸன் உள்ளமோ அமையவில்லை. அறுத்தெறிந்த தசை நோயின் விளைவு. நோய் எங்கே இருக்கிறது? வாயிலில் வந்து நிற்கும் நோயாளிகளின் வரிசை ஆண்டுதோறும் குறையாமல் இருப்பது ஏன்? இக்கேள்வியே அவரைச் சாதாரண வைத்தியர் நிலையினின்றும் ஆராய்ச்சியாளர் ஆக்கியது.

1875-இல் விடுமுறையில் லண்டன் சென்றிருந்த காலை, பொருட்காட்சிசாலையின் நூல்நிலையத்தில் அமர்ந்து, இவ்விஷயமாக வெளிவந்த கட்டுரைகளைத் தேடிப் படித்தார். அங்கே நம் தேசத்துக் கல்கத்தாவில் திமத்தி லூயிஸ் என்னும் வைத்தியர் செய்த ஆராய்ச்சி அவர் கண்ணிற் பட்டது. பால்போல் வெண்ணீர் பிரியும் நோயாளிகளின் நீரிலும், பின்னர் 1872-இல் மனித ரத்தத்திலும், கண்ணுக்குத் தோன்றாத இளம் புழுக்கள் நெளிவதை லூயிஸ் பூதக்கண்ணாடியின் வழியே கண்டிருந்தார். அவருக்கு முன்பே பாரிஸ் நகரில் டெமார்க்கேயும், பிரேசில் தேசத்தில் வூக்கெரரும் அவ்விளம் புழுக்களைப் பார்த்திருந்தனர். 1876-இன் இறுதியில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஜோஸப் பாங்க்ராப்ட் என்பார் நூல்போல் நீண்ட தாய்ப்புழுவைக் கண்டார். இன்று இப்புழுவுக்கு வழங்கும் ‘வூக்கெரேரியா பாங்க்ராப்டி’ என்ற சாஸ்திரப் பெயர் இவ்விருவர் நினைவாக அமைந்தது. ஒரு நோயின் மருமத்தை நான்கு கண்டங்களில் நின்று பலர் சேர்ந்து அவிழ்த்தனர் என்பதற்கு அப்பெயரே சாட்சி.

இனி, மான்ஸன் எழுப்பிய வினாவைக் கேளுங்கள். ரத்தத்தில் ஓடும் இளம் புழுக்கள் கணக்கற்றவை. அவை யாவும் ஒரே உடலில் வளர்ந்து பெருகுமாயின் அவ்வுடல் சில நாளில் மாண்டொழியும். அவ்வாறு நிகழவில்லை. ஆகவே அவை வளர்வதற்கு வேறோர் இடம் வேண்டும். ரத்தத்தை விட்டுத் தாமாக வெளியேறும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எனின், மனிதன் ரத்தத்தை உறிஞ்சி எடுத்துச் செல்லும் பிராணி ஒன்று உதவியிருத்தல் வேண்டும். யானைக்கால் உள்ள தேசங்களில் எல்லாம் காணப்படுவதாகவும், இரவில் நடமாடுவதாகவும் உள்ள அப்பிராணி எது? கொசு என்று ஊகித்தார்.

ஊகத்தோடு நில்லாமல் சோதிக்கவும் முற்பட்டார். அவர் வீட்டுத் தோட்டக்காரன் ஹின் லோ என்பவனுடைய ரத்தத்தில் இப்புழுக்கள் இருந்தன. 1877-ஆம் ஆண்டில் ஒரு சிறு அறையை அமைத்து, அதனுள் ஹின் லோவைப் படுக்கச் செய்து, விளக்கேற்றி, கொசுக்கள் உள்ளே புகும்வரையில் கதவைத் திறந்து வைத்து, பின்பு சாத்திவிட்டனர். விடியற்காலையில், ரத்தம் குடித்துச் சுவரில் ஒட்டியிருந்த கொசுக்களை மதுக்கிண்ணத்தால் மூடி, புகையிலைப் புகையால் மயக்கிப் பிடித்தார்கள். மான்ஸன் அவற்றை நாள்தோறும் ஒவ்வொன்றாக அறுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். கொசுவின் வயிற்றில் ரத்தம் செரித்தது, புழு செரிக்கவில்லை. அது தன் மேலுறையைக் கழற்றிற்று. குடலைத் துளைத்து மார்புத் தசையிற் புகுந்தது. நாளுக்கு நாள் பருத்தும் நீண்டும் வளர்ந்தது.

மகாஜனங்களே, இக்காட்சியின் பெருமை இன்று நமக்கு எளிதில் விளங்காது. மனிதனைப் பற்றும் ஒரு நோயின் வித்து, ரத்தம் குடிக்கும் பூச்சி ஒன்றின் உடலிலே புகுந்து வளர்கின்றது என்று கண்ணாற் கண்டு உலகுக்கு அறிவித்தது அதுவே முதல் முறை. மலேரியாவும் மஞ்சட் காய்ச்சலும் கொசுவால் வருவன என்ற பிற்கால உண்மைகளுக்கு வழிதிறந்ததும் அதுவே. ஆயினும் நாம் மறத்தலாகாத மற்றொரு செய்தி உண்டு. அவ்வறையில் கடிபட்டுக் கிடந்தவன் வீட்டு வேலைக்காரன். எஜமானர் பணித்ததை மறுக்கும் நிலையில் அவன் இருந்திருக்க மாட்டான். அவன் அந்த இரவுகளில் கொடுத்த ரத்தத்தின் பயனை உலகம் முழுவதும் அனுபவிக்கின்றது. மான்ஸன் பெயரைச் சொல்லும் நாவு ஹின் லோவின் பெயரையும் சொல்லுதல் நியாயம்.

அடுத்தபடியாக மற்றொரு விந்தை வெளிப்பட்டது. மான்ஸனிடம் உதவியாளராக இருந்த சீன இளைஞர் இருவர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து வந்தனர். பகலிற் சோதித்தவருக்குப் புழு அரிதாகவும், இரவிற் சோதித்தவருக்கு மிகுதியாகவும் கிடைத்தது. இருவரில் ஒருவர் வேலையில் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டுவது எளிது. மான்ஸன் அவ்வாறு செய்யாமல், இராப்பகல் முழுவதும் இடைவிடாது ரத்தத்தை எடுத்து எண்ணச் செய்தார். பொழுது சாயத் தொடங்கியதும் புழுக்கள் ரத்தத்தில் தலைகாட்டுகின்றன, நள்ளிரவை ஒட்டி மிகுகின்றன, விடிந்தபின் மறைகின்றன. கொசு வரும் நேரத்துக்கு ஏற்ப அவை தோலுக்கு அருகில் வந்து காத்திருக்கின்றன! லண்டனில் இச்செய்தி படிக்கப்பட்டபோது, அப்புழுக்கள் கடிகாரம் கட்டிக்கொண்டிருக்கின்றனவோ என்று ஒருவர் நகைத்ததாகச் சொல்வர். நகைப்பு நிலைக்கவில்லை. 1881-இல் லண்டன் வைத்தியர் ஸ்டீபன் மெக்கென்ஸி ஒரு நோயாளியைப் பகலில் உறங்கவும் இரவில் விழித்திருக்கவும் செய்ய, புழுக்களும் தம் வேளையை மாற்றிக்கொண்டன. பகலில் அவை நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் ஒதுங்கியிருப்பதையும் பின்னாளில் மான்ஸனே கண்டார். இக்காரணம் பற்றியே, இன்றைக்கும் சுகாதார ஊழியர்கள் யானைக்கால் சோதனைக்கு இரவு வேளையில் வந்து விரலில் ரத்தம் எடுப்பதுண்டு.

இவ்வளவு கூரிய அறிவுடையவர் ஓரிடத்தில் வழுவினார். கொசுவின் ஆயுள் சில நாளே என்றும், அது நீரில் முட்டையிட்டு அங்கேயே இறந்துபோகும் என்றும் அக்காலத்தில் அவர் எண்ணினார். ஆதலால், செத்த கொசுவினின்றும் புழு தண்ணீரில் இறங்குகின்றது, அத்தண்ணீரைப் பருகுவோர்க்கு நோய் வருகின்றது என்று முடிவு செய்தார். பெண் கொசு வாரக் கணக்கில் வாழும் என்பதும், ஒரு முறைக்கு மேல் ரத்தம் குடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திலது. இருபதாண்டுக்கு மேல் இக்கொள்கை நிலவியது. 1900-ஆம் ஆண்டில், அவரிடம் பயின்ற ஜார்ஜ் கார்மைக்கேல் லோ என்னும் இளைஞர், பிரிஸ்பேனிலிருந்து வந்த கொசுக்களை மெல்லிய துண்டங்களாக அறுத்துப் பார்த்தபோது, வளர்ந்த புழு கொசுவின் மூக்குக்குழலிலே கடிக்கும் தருணத்தை எதிர்நோக்கி இருப்பதைக் கண்டார். அக்கொசுக்களை அனுப்பியவர், முன்னே தாய்ப்புழுவைக் கண்ட பாங்க்ராப்டின் குமாரர். அதே ஆண்டில் நம் தேசத்தில் பணிபுரிந்த ஜேம்ஸ் என்னும் வைத்தியரும் அவ்வுண்மையைத் தனியே கண்டார். நோய் தண்ணீரால் வருவதன்று, கடியால் வருவது என்பது உறுதியாயிற்று. குருவின் பிழையைச் சீடரே திருத்தினார். குரு அதனை மனமுவந்து ஏற்றார். கல்வி வளர்வது இவ்வாறுதான்.

யானைக்காற் புழு ஒன்றோடு மான்ஸன் நின்றாரல்லர். 1880-இல் சீன அதிகாரி ஒருவர் அவரைக் காண வந்து, ரத்தங் கலந்த கோழையைத் தரையில் உமிழ்ந்தார். பிறர் அருவருத்து ஒதுங்குவர். மான்ஸன் அதனை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். அதில் நுரையீரலில் வாழும் தட்டைப்புழு ஒன்றின் முட்டைகள் இருந்தன. சீனக் கடற்கரையிற் பலர் ரத்தம் கக்கியதற்கு அப்புழு ஒரு காரணம் என்று தெளிந்தது. நீர்நிலையில் வாழும் நத்தையின் உடலில் அது வளரக்கூடும் என்றும் அவர் ஊகித்தார். அவ்வூகம் பிற்காலத்தில் மெய்யாயிற்று.

1883-இல் ஹாங்காங் சென்ற அவர், 1887-இல் சீன மாணவர்களுக்கென அங்கே ஒரு வைத்தியக் கல்லூரி அமைவதில் முன்னின்று, அதன் முதல் தலைவராகவும் இருந்தார். பின்னாளில் சீனக் குடியரசை நிறுவிய ஸுன் யாட் ஸென் அக்கல்லூரியில் பயின்றவர். 1896-இல் ஸுன், லண்டனிலுள்ள சீனத் தூதர் மாளிகையில் அடைக்கப்பட்டபோது, அவரை மீட்பதற்கு ஆசிரியர் காண்ட்லியும் மான்ஸனும் ஓடியாடி உழைத்தனர்.

1889-இல் தாய்நாடு திரும்பிய மான்ஸன், லண்டன் கப்பல்துறையின் மாலுமிகள் ஆஸ்பத்திரியில் வைத்தியராகி, வெப்ப தேசத்து நோய்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1894-இல் இந்தியாவிலிருந்து விடுமுறையில் வந்த ரொனால்ட் ராஸ் என்னும் ராணுவ வைத்தியர் அவரை அணுகினார். மலேரியாக் கிருமி உண்டென்பதையே ராஸ் அதுவரை நம்பியிருக்கவில்லை. மான்ஸன் அதனைக் கண்ணாரக் காட்டி, அக்கிருமியையும் கொசுவே சுமக்கக்கூடும் என்ற தம் கருத்தை எடுத்துரைத்தார். ராஸ் இந்தியாவுக்குத் திரும்பியபின் இருவருக்கும் இடையே கடிதங்கள் ஓயாது சென்றன. 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி ஸிக்கந்தராபாத்தில் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது. மான்ஸனுக்கு அப்பரிசு என்றும் கிடைக்கவில்லை. 1900-இல், ரோமாபுரியிலிருந்து வந்த, மலேரியா தொற்றிய கொசுக்கள் லண்டனில் ஓர் இளைஞரைக் கடிக்கவிடப்பட்டன. அவருக்குக் காய்ச்சல் கண்டது. கொயினா உண்டு குணமடைந்தார். அவ்விளைஞர் மான்ஸனின் சொந்தக் குமாரர். முன்பு தோட்டக்காரனை அறையிற் படுக்கவைத்தவர், இம்முறை மகன் தானே முன்வந்து கை நீட்டியதை ஏற்றார்.

1899-இல் அவர் முயற்சியால் லண்டனில் வெப்ப தேச வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. 1898-இல் அவர் எழுதி வெளியிட்ட வெப்ப தேச நோய் நூல் பல பதிப்புகளாக வளர்ந்து இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1922 ஏப்ரல் 9-ஆம் தேதி அவர் காலமானார்.

இனி, அவர் விட்ட இடத்திலிருந்து இன்றுவரை நடந்ததைச் சுருங்கக் கூறுவேன். 1947-இல் டை-எதில்-கார்பமஸின் என்னும் மருந்து ரத்தத்திலுள்ள இளம் புழுக்களைக் கொல்வதாகத் தெரிந்தது. 1955-இல் இந்திய சர்க்கார் தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தென்னாட்டில் சேர்த்தலைப் பகுதியில் வேறொரு வகை யானைக்காற் புழு பரவியிருந்தது. அதைச் சுமக்கும் கொசு, குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரை முதலிய செடிகளின் வேரைப் பற்றி வாழ்வது. புதுச்சேரியிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் ஊராரைக் கூட்டி அச்செடிகளை அகற்றியும் மீன் வளர்த்தும் அக்கொசுவை அடக்கினர். அக்கொசு இனத்துக்கு ‘மான்ஸோனியா’ என்பதே பெயர். பகைவனுக்கு இட்ட பெயர் வெற்றி கண்டவருடையது!

2004 முதல் நம் தேசத்தில் நோய் பரவிய ஜில்லாக்களில் ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் மாத்திரை வழங்கும் முறை விரிவாக நடைபெற்று வருகின்றது. அயலிலுள்ள இலங்கை 2016-இல், யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்று பெற்றது. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதோ?

நம் சங்கத்தார் ஆலோசிக்க வேண்டிய மூன்று விஷயங்களைச் சொல்லி அமர்கிறேன்.

முதலாவது, மாத்திரை. மாத்திரை கொடுக்கும் ஊரில், எனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது, மருந்து எதற்கு என்று சிலர் வாங்கி ஜன்னலில் வைத்துவிடுகின்றனர். ரத்தத்தில் புழு ஓடும் பலருக்கு வெளியே ஓர் அடையாளமும் தெரிவதில்லை. ஹின் லோவைப் போல் அவர்களிடமிருந்தே கொசு புழுவை எடுத்துச் செல்கின்றது. தாய்ப்புழு ஆண்டுக்கணக்கில் வாழ்வதால், ஒருமுறை உண்டால் போதாது. உண்டபின் சிலருக்குக் காய்ச்சலும் தலைச்சுற்றலும் காண்பது பெரும்பாலும் உள்ளே புழு சாவதன் விளைவு. கருவுற்றிருக்கும் பெண்டிருக்கும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும், கடும் நோயாளிக்கும் அதனைக் கொடுப்பதில்லை; ஏனையோர் ஊழியர் முன்னிலையிலேயே விழுங்குதல் நலம்.

இரண்டாவது, சாக்கடை. நம் ஊர்களில் இந்நோயைப் பரப்பும் கொசு, தேங்கிய அழுக்கு நீரில் பிறப்பது. அது தெருப் பார்த்துப் பறப்பதில்லை. குலமும் கோத்திரமும் விசாரித்துக் கடிப்பதில்லை. நம் தெருச் சாக்கடையை மட்டும் துப்புரவாக்கி அடுத்த தெருவை மறந்தால், அடுத்த தெருக் கொசு நம் வீட்டுத் தொட்டிலுக்கு வரும். சங்கத்தின் பொருளும் உழைப்பும் ஊர் முழுவதற்கும் பயன்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுமோ?

மூன்றாவது, இதனையே முக்கியமாகக் கருதுகிறேன். பெண் பார்க்கச் செல்லும்போது, தகப்பனாருக்கோ பாட்டியாருக்கோ யானைக்கால் உண்டா என்று ரகசியமாக விசாரித்து, உண்டென்று தெரிந்தால் சம்பந்தத்தைக் கைவிடும் வழக்கம் நம்மிடம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. இந்நோய் தாய் தந்தையரின் உதிரவழியாகப் பிள்ளைகளுக்கு இறங்குவதன்று. தொடுவதாலும் உடனுண்பதாலும் ஒட்டுவதும் அன்று. ஒரே வீட்டில் இருவருக்குக் காணப்படுமாயின், அவ்விருவரையும் ஒரே வட்டாரத்துக் கொசுக்கள் கடித்தன என்பதே பொருள். பல மாதங்களில் பல முறை பட்ட கடியினால் வருவது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொற்றிப் பல்லாண்டு கழித்துத் தோன்றுவது. குழந்தையாய் உறங்கியபோது கொசு கடித்தது ஒருவர் செய்த குற்றம் ஆகுமோ? வீக்கம் முற்றியவருக்கும் கதியில்லை என்று விட்டுவிட வேண்டா. நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குவரை ஈரம் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, அமரும்போது காலை உயர்த்தி வைத்துவந்தால், அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் தணியும். அப்பணிவிடையை அருவருப்பின்றிச் செய்யும் மகனும் மருமகளும் உள்ள வீடே சம்பந்தம் செய்யத் தகுந்த வீடு என்பேன்.

நோயின் காரணத்தை அறிந்த நாளிலேயே நோயாளியின் மேலிருந்த பழி நீங்கியிருக்க வேண்டும். மருமத்தைக் கண்டுபிடித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பழியை நீக்கும் வேலை மட்டும் நமக்காகக் காத்திருக்கின்றது. அதனை நம் சங்கத்து இல்லங்களிலிருந்தே தொடங்குவோமாக.